கடல் கடந்து வந்த தாய்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

பெற்ற பிள்ளையை வளர்ப்பது இயற்கை. உற்றாரின் பிள்ளையை வளர்ப்பது கடமை. முகமும் மொழியும் அறியாத பிள்ளையை, கடலுக்கு அப்பால் பிறந்த பிள்ளையைத் தன் பிள்ளை என்று எண்ணுவதற்கு என்ன பெயர்? இந்தக் கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. ஐந்து வயது முதல் எங்கள் வீட்டுத் திண்ணையில் என்னோடு உட்கார்ந்திருந்த கேள்வி அது.

எங்கள் ஊர் கூமாப்பட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், வத்திராயிருப்பை அடுத்து, பிளவக்கல் அணைநீரை நம்பி நெல்லும் தென்னையும் விளையும் ஊர். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

நான் சிறுமியாக இருந்தபோது, கிறிஸ்தவத் தொண்டர்கள் நடத்திய மாலை நேர வகுப்பு ஒன்றில், ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்று சொன்னார்கள். அம்மா என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்றார்கள்; சிறிய பிள்ளையாக இருந்தால் நல்லது என்றார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது, அக்காவுக்கு ஒன்பது. என்னை நிறுத்திப் படம் பிடித்தார்கள். அக்கா வேப்பமரத்தடியில் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் படத்தைப் பார்த்து, உலகின் மறுகோடியில் இருந்த ஒரு மூதாட்டி மாதந்தோறும் எனக்காகப் பணம் அனுப்பினார். நோட்டு, சீருடை, மாலையில் சுண்டலும் பாலும், காய்ச்சல் வந்தால் மருந்து என்று அந்தப் பணம் என்னிடம் வந்து சேர்ந்தது. பதிலுக்கு நான் அவருக்கு அவ்வப்போது கடிதம் எழுத வேண்டும். கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதுவேன். நலம், பள்ளி, மழை, வீட்டு ஆட்டுக்குட்டி, இவ்வளவுதான் என் கடிதம்.

அம்மாவுக்கு ஓயாத வியப்பு. நம்மைக் கண்டறியாத ஒருவர் நமக்கு எதற்காகக் கொடுக்கிறார்? நாங்கள் மாரியம்மனைக் கும்பிடும் குடும்பம். அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி எங்களிடம் யாரும் கேட்டதில்லை. அந்த அம்மாளுக்கு அது சாமி கும்பிடுகிற மாதிரி என்று வகுப்பு ஆசிரியை ஒருநாள் விளக்கினார். அம்மா அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டாள். எனக்குத்தான் அது முழுதாக விளங்கவில்லை.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அந்த உதவி நின்றது. ஏன் நின்றது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடிதமும் நின்றது. அதன் பிறகு நான் எப்படிப் படித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன், அந்தப் பழைய கேள்விக்கு எனக்கு ஓரளவு விடை தந்த ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். நூலகத்தில் தற்செயலாக என் கைக்கு வந்த வரலாறு அது. அவர்தாம் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

சால்வைப் பெண்கள்

1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், வட அயர்லாந்தின் கடலோரச் சிற்றூராகிய மில்லிசில் ஏமி பிறந்தார். ஏழு குழந்தைகளில் மூத்தவர். தந்தையார் மாவு ஆலை நடத்தியவர், வசதியான குடும்பம். சிறுமி ஏமிக்குத் தன் கண்கள் நீலமாக இல்லாமல் பழுப்பாக இருப்பதில் பெரிய குறை. நீலக் கண் வேண்டும் என்று ஓர் இரவு வேண்டிக்கொண்டு உறங்கினாள். காலையில் கண்ணாடி பார்த்து ஏமாந்தாள். பிற்காலத்தில் தமிழ்ப் பெண்களிடையே சேலை உடுத்தி நடமாடியபோது அந்தப் பழுப்புக் கண்களே தமக்கு உதவின என்று அம்மையார் எண்ணி மகிழ்ந்ததுண்டு.

குடும்பம் பெல்பாஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1885-இல் தந்தையார் காலமானார். செல்வமும் சுருங்கியது. அந்த நகரம் துணி ஆலைகளின் நகரம். அங்கே வேலை செய்த ஏழைப் பெண்களுக்குத் தொப்பி வாங்க வசதியில்லை. தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். அதனால் சால்வைப் பெண்கள் என்று ஏளனப் பெயர். கோயிலுக்கு வரும் கனவான்களுக்கு அவர்களோடு சரிசமமாக அமரப் பிடிக்கவில்லை. இளம்பெண் ஏமி அவர்களுக்காகவே தனியாக ஒரு கூடம் அமைக்க விரும்பினார். ஐந்நூறு பேர் அமரக்கூடிய இரும்புத் தகட்டுக் கூடம் ஒன்றின் விலை 500 பவுன். கையில் காசில்லை. யாரிடமும் போய் நிற்கவும் மனமில்லை. இறைவனிடம் மட்டும் கேட்டார். ஒரு பெண்மணி முழுத் தொகையையும் கொடுத்தார். 1889-இல் கூடம் திறக்கப்பட்டது.

இந்த இடத்தைப் படித்தபோது நான் ஏட்டை மூடிவைத்துவிட்டேன். இராஜபாளையத்து மில்லுக்கு விடியற்காலையில் வேன் ஏறும் எங்கள் ஊர்ப் பெண்கள் என் கண்முன் வந்தார்கள். தலையில் சால்வைக்குப் பதில் துப்பட்டா. வேறு என்ன வேற்றுமை?

திருநெல்வேலிச் சீமையில்

1893-இல் ஏமி ஜப்பானுக்குச் சென்றார். உடல்நலம் இடங்கொடுக்கவில்லை. இலங்கை வழியாக ஊர் திரும்பி, 1895-இல் மீண்டும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். அன்று வந்தவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் விடுமுறை என்பதே இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் கெசிக் என்னும் ஊரில் ஆண்டுதோறும் கூடும் கிறிஸ்தவ மாநாடு தன் செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் ஊழியர் அவர். ஆகவே, முகம் தெரியாதவர்கள் சேர்த்து அனுப்பிய காசில் வாழ்வது எப்படிப்பட்டது என்பதை முதலில் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். கொடுப்பவராக மட்டும் அவர் இங்கு வரவில்லை, வாங்குபவராகவும் வந்தார்.

தாமஸ் வாக்கர் என்னும் பாதிரியாரின் துணையோடு தமிழ் கற்றார். தூத்துக்குடிப் பக்கத்துப் பண்ணைவிளையில் தங்கி, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று சமயப்பணி செய்தார். அந்தக் குழுவில் பொன்னம்மாள் என்ற இளம் விதவையும் இருந்தார். அவர்களை ஊரார் நட்சத்திரக் கூட்டம் என்று அழைத்தனர். அப்போது அம்மையாருக்குக் குழந்தைகளை வளர்க்கும் எண்ணமே இல்லை.

ஓடி வந்த சிறுமி

1901-ஆம் ஆண்டு மார்ச் மாதம். பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, பெருங்குளத்தில் தேவதாசியாக்கப்படுவதற்காக ஒப்படைக்கப்பட்டிருந்தாள். முன்பு ஒருமுறை அவள் தப்பித் தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் போனாள். தாயோ அஞ்சி, மீண்டும் ஒப்படைத்துவிட்டாள். ஓடியதற்குத் தண்டனையாகச் சிறுமியின் கைகளில் சூடு வைத்தார்கள். இரண்டாம் முறை அவள் தப்பிப் பண்ணைவிளைக்கு வந்தாள். மாதாகோயிலின் அருகே நின்றவளைக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி கண்டு, மறுநாள் காலையில் அம்மையாரிடம் கொண்டுபோய் விட்டாள். சிறுமி நேரே போய் அம்மையாரின் மடியில் ஏறி அமர்ந்துகொண்டாளாம்.

அந்த ஒரு சிறுமி அம்மையாரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டாள். அவள் கையிலிருந்த தழும்பைப் பார்த்தவர், இப்படி இன்னும் எத்தனை பிள்ளைகள் என்று தேடத் தொடங்கினார். அதே ஆண்டில் டோனாவூரில் குடியேறினார். 1904-ஆம் ஆண்டின் நடுவில் அவரிடம் 17 பிள்ளைகள் இருந்தார்கள். பிறந்து சில நாட்களேயான குழந்தைகளும் வரத் தொடங்கின. தாய்ப்பால் இல்லை, பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை, அருகில் மருத்துவமனை இல்லை. முதலில் வந்த சிசுக்களில் சில இறந்துபோயின. சமயம் பரப்ப வந்தவர் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறாரே என்று சக மிஷனரிகளே குறை கூறினர். பிள்ளைகளைக் கடத்தியவர் என்று வழக்கு வந்து, ஏழாண்டுச் சிறை நேரலாம் என்ற நிலையும் ஏற்பட்டது. 1914-இல் அது கைவிடப்பட்டது. இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு தொட்டிலை விடாமல் ஆட்டினார்.

இங்கு நடுநிலையோடு ஒரு சொல். அம்மையாரின் நூல்களில் நம் நாட்டு வழக்கங்களைப் பற்றியும் இந்து சமயத்தைப் பற்றியும் எழுதிய பகுதிகள் சில இன்று படிப்பவருக்குக் கடுமையாகத் தோன்றும். மேலும், அந்தக் கொடுமையை எதிர்த்தவர் வெளிநாட்டார் மட்டுமல்லர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1927 முதல் சென்னைச் சட்டமன்றத்தில் போராடினார். அந்தக் குலத்தில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராக மேடையேறிப் போராடினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வருவதற்கு முன்பே வந்து நின்ற பிள்ளைக்கு அன்றிரவு சோறும் பாயும் வேண்டுமே! அதைக் கொடுத்தவர் டோனாவூர் அம்மையார்.

கேட்காமல் வந்த காசு

டோனாவூர் என்ற பெயரே ஒரு கதை. களக்காட்டுக்கு அருகில், மலையடிவாரத்தில் உள்ள அந்த ஊருக்கு 1827-ஆம் ஆண்டளவில் ரேனியஸ் பாதிரியார் இட்ட பெயர் அது. பிரஷ்ய நாட்டுப் பிரபுவாகிய டோனா என்பவர் அனுப்பிய பணத்தால் அங்கே கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானது. டோனாவின் ஊர், டோனாவூர். கடலுக்கு அப்பாலிருந்து கொடுத்த ஒருவரின் பெயர் நம் தமிழ் மண்ணில் ஊர்ப்பெயராகவே நின்றுவிட்டது.

ஏமி அம்மையார் வந்தபின் அங்கே கொடுத்தவர்கள் பலர். அவர்களின் பெயர்கள்தாம் நமக்குத் தெரியவில்லை. அம்மையார் தமக்கென ஒரு நெறி வகுத்துக்கொண்டிருந்தார். பணம் வேண்டும் என்று யாரிடமும் கோரிக்கை வைப்பதில்லை. கடன் வாங்குவதில்லை. தேவையை இறைவனிடம் மட்டும் சொல்வது. ஊழியம் செய்ய வருவோருக்குச் சம்பளம் கிடையாது. பல நாடுகளில் அவர் நூல்களைப் படித்தவர்கள் தாமாகவே காசு அனுப்பினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார் அவர். அந்தக் காசில் குழந்தைகளுக்கு வீடு எழுந்தது, பால்மாடு வந்தது, பள்ளி வந்தது, பின்னர் மருத்துவமனையும் வந்தது. 1918-இல் ஆண்பிள்ளைகளையும் ஏற்கத் தொடங்கினார்கள். 1927-இல் டோனாவூர் ஐக்கியம் என்ற அமைப்பு பதிவாயிற்று.

இன்று வழக்கத்தில் உள்ள முறை, அதாவது ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து அந்தப் பிள்ளைக்கென்று மாதந்தோறும் பணம் அனுப்பும் முறை, பிறகுதான் பெரிதாகப் பரவியது. 1937-இல் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் தவித்த பிள்ளைகளுக்காக ஆங்கிலேயப் பத்திரிகையாளர் ஜான் லாங்டன் டேவிஸ் இப்படியொரு திட்டம் தொடங்கினார். கொரியப் போரில் பெற்றோரை இழந்து தெருவில் குளிரில் கிடந்த பிள்ளைகளைக் கண்டு மனம் பொறாமல், அமெரிக்கப் போதகர் எவரெட் ஸ்வான்சன் 1952-இல் ஒன்று தொடங்கினார். எனக்குப் படம் பிடித்த அந்த மாலை வகுப்பும் இந்த வழியில் வந்ததுதான்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அனுப்புகிறவருக்கு ஒரு பிள்ளையின் முகம் தெரிந்தால் அன்பு வளரும், இது உண்மை. அந்த மூதாட்டியின் அட்டைகளை நான் இன்றும் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆனால், படத்தில் விழாத பிள்ளை ஒன்று அதே வீட்டில் நிற்கிறது. டோனாவூரில் அப்படி இல்லை. வந்த காசு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. வந்த பிள்ளைகள் எல்லாம் ஒரு குடும்பம்.

அக்காமார்

அந்தக் குடும்பத்தின் முறைப்பெயர்கள் என் மனத்தைக் கவர்ந்தன. பிறந்தநாள் தெரியாத பிள்ளைகள் பலர். ஆகவே அவர்கள் வந்து சேர்ந்த நாளையே வந்தநாள் என்று கொண்டாடினார்கள். அம்மையார் எல்லாருக்கும் அம்மா. வெளிநாட்டிலிருந்து வந்து உதவிய பெண்கள் சித்திகள். ஆண்கள் அண்ணாச்சிகள். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைசீவி, சோறூட்டி, இரவில் பக்கத்தில் படுத்துறங்கிய தமிழ்ப் பெண்கள் அக்காமார்.

பொன்னம்மாள்தான் அவர்களுள் தலையாயவர். நோயுற்ற சிசுக்களை மருத்துவமனை இருந்த நெய்யூருக்குக் கொண்டுபோய், அங்கேயே தங்கிக் கண்விழித்துக் காப்பாற்றினார். பிள்ளைக்கு மருந்து கொடுப்பதையும் புட்டிப்பால் கலப்பதையும் மற்றப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். குழந்தையின் கழிவுத்துணி துவைப்பது கீழான வேலை என்று எண்ணிய அந்தக் காலத்தில், அதையும் தம் கையால் செய்தார். புற்றுநோயால் 1915-இல் மறைந்தார். அவரது வாழ்க்கையை அம்மையார் ஒரு தனி நூலாகவே எழுதினார்.

கடல் கடந்து காசு வந்தது. அம்மையாரும் கடல் கடந்து வந்தார். இருந்தாலும், அந்தக் காசு ஒரு குழந்தையின் வாயில் பாலாக இறங்குவதற்குப் பக்கத்தில் ஓர் அக்கா வேண்டியிருந்தது. தொலைவில் இருப்பவரின் அன்பு எவ்வளவு பெரிதாயினும், அருகில் ஒரு கை இல்லாவிட்டால் அது பிள்ளையிடம் வந்து சேராது. இதை அம்மையார் அறிந்திருந்தார்.

படுக்கையில் இருபதாண்டு

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் களக்காட்டில், மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கச் சென்றபோது, இருட்டில் ஒரு பள்ளத்தில் தவறி விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் அடிபட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. படுத்தபடியே எழுதினார்; பிள்ளைகளுக்குக் கடிதம் அனுப்பினார்; ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசினார். இந்தத் தொண்டுக்காக 1919-இல் பிரிட்டிஷ் அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தபோது, அதை ஏற்கவே தயங்கியவர் அவர்.

1951-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் தம் 83-ஆம் வயதில் டோனாவூரிலேயே மறைந்தார். கல்லறைக்குக் கல் நாட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டியை மட்டும் அங்கே வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்: அம்மை.

என் அக்கா

இனி, நான் பாக்கி வைத்த கதை.

எனக்கு வந்த உதவி நின்ற ஆண்டில் அக்கா பதினோராம் வகுப்பில் இருந்தாள். என்னைவிட நன்றாகப் படிப்பவள். அந்தக் கோடையில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. இரண்டு பேரையும் படிக்கவைக்க முடியாது என்று அம்மா சொல்லவில்லை, அக்காவே புரிந்துகொண்டாள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகாமல் மில்லுக்குப் போனாள். அவள் சம்பளத்தில்தான் நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். கல்லூரியில் சேர்ந்த அன்று நான் உடுத்தியிருந்த சுடிதார் அவள் வாங்கித் தந்தது. படத்துக்கு நிற்காத பிள்ளை, படத்துக்கு நின்ற பிள்ளையைப் படிக்கவைத்தது.

பஞ்சுத்தூசியால் இருமிக்கொண்டே வீட்டுக்கு வருவாள். என் புத்தகத்தைத் தூக்கிப் பார்ப்பாள். ஏதாவது ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு வைத்துவிடுவாள். ஏழு ஆண்டுகளாக அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கடல் கடந்த மூதாட்டிக்கு எத்தனையோ கடிதங்களில் நன்றி எழுதினேன். அந்தக் கடிதம் ஒன்றில்கூட எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று எழுதவில்லை. கரும்பலகையில் அந்த வரி இல்லை என்பது உண்மைதான். நானாக ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம் என்பதும் உண்மை.

அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கும் பணம் வருகிறது. 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். டோனாவூர் அம்மையார் எந்தக் கொடுமைக்கு எதிராக நின்றாரோ அதே கொடுமைக்கு எதிராக நின்றவரின் பெயரில் எனக்குக் காசு வருகிறது என்பது, இந்த வரலாற்றைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆண்டு அந்தப் பணத்திலிருந்து எடுத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத அக்காவுக்குப் புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன். முதலில் திட்டினாள். பிறகு அட்டை போட்டு வைத்துக்கொண்டாள். இரவு வேலை முடிந்து வரும் நாளில் தூக்கம் போக ஒரு மணி நேரம் படிக்கிறாள். வேதியியல் மட்டும் நான் சொல்லிக்கொடுக்கிறேன். தேர்ச்சி பெறுவாளா என்று எனக்குத் தெரியாது. பெற்றால் அதுதான் எங்கள் வீட்டில் இரண்டாவது வந்தநாள்.

அன்புத் தோழியரே, தோழர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அரசின் கையோ, கடல் கடந்த ஒருவரின் கையோ நம்மைத் தூக்கிவிட்டிருக்கும். அந்த நன்றியை மறக்க வேண்டாம். அதே வேளையில், நம் வீட்டு மரத்தடியில் நம் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஒருவர் இருப்பார். அவர் அக்காவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், தம்பியாகவும் இருக்கலாம். திரும்பிப் பார்த்து அவருக்கும் ஒரு கை கொடுப்போம்.

அந்த மூதாட்டி இன்று இருக்கிறாரா, இல்லையா என்பதை நான் அறியேன். இருந்தால் அவருக்கு ஒரு செய்தி. அம்மா, உங்கள் பிள்ளை கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு ஓர் அக்கா உண்டு.